சுவரைத் தாண்டிய ஒயர்

சலூன்காரர் ஒரு அட்டையில் சிவப்பு மையால் ‘இங்கு நெட் வசதி உண்டு’ என்று எழுதிக் கண்ணாடிக்கு மேலே ஒட்டினார் பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பித்தது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. தெருக்கோடியில் ஏசி போட்ட புதுக் கடை ஒன்று வந்துவிட்டது. இருக்கிற ஆட்களையாவது பிடித்து வைக்கலாம் என்று பார்த்தார். அதோடு, வந்து உட்காருகிறவன் மடியில் போனை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடியே இருந்தால் பின்கழுத்து வெட்டச் சுலபமாக இருக்கிறது என்பதும் அவர் கண்டுபிடிப்பு.

லைன் அவருடையது இல்லை. சலூனுக்குப் பின்னால் இருக்கிற கொத்தனாருடையது. தெருமுனைக் கம்பத்துப் பெட்டியில் மிச்சம் இருந்த கடைசி இடம் கொத்தனாருக்குப் போயிற்று. அதற்கப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம், “பெட்டி நிறைஞ்சிடுச்சு, புதுப் பெட்டி வந்ததும் சொல்றோம்” என்று கம்பெனியில் ஒரே பாட்டைப் பாடினார்கள். புதுப் பெட்டி வந்தபாடில்லை.

கொத்தனார் லைன் வாங்கியது எஞ்சினியர் அனுப்புகிற வரைபடங்களைப் பார்க்க. வீட்டுக்காரி தொடர் பார்த்தாள். இரண்டுக்கும் போக நிறைய மிச்சம் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டில் இருந்த தங்கைக்கு வீட்டிலிருந்தே பேசுகிற வேலை கிடைத்தது. நெட் இருந்தால்தான் வேலை. கொத்தனார் நடுச்சுவரில் ஒரு துளை போட்டு ஒயரை அந்தப் பக்கம் தள்ளினார். கையில் டிரில்லிங் மெஷின் இருக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவருக்கு வராது. அப்படியே பின்சுவரிலும் ஒன்று போட்டுச் சலூனுக்கும் ஒரு ஒயர் விட்டார். இத்தனை காலம் தன் தலையைக் கெடுக்காமல் வைத்திருக்கிற மனிதருக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

தங்கையின் வேலை இதுதான்: வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் போனில் கத்துவார்கள். இவள் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். அதற்கென்று தேனில் ஊறப்போட்டது போல ஒரு குரல் வைத்திருந்தாள். அந்தக் குரலை வீட்டில் யாருக்கும் கொடுப்பதில்லை.

“அந்தக் குரல்ல என்கிட்ட ஒரு நாள் பேசேன். இடுப்பு தானா நிமிர்ந்திடும்” என்பார் அவள் வீட்டுக்காரர்.

“நீங்க வாஷிங் மெஷின் வாங்குங்க, பேசறேன்” என்பாள் இவள், சொந்தக் குரலில்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். சரக்கு இறக்குகிற இடத்தில் விழுந்து இடுப்பு போய்விட்டது. பெல்ட் கட்டிக்கொண்டு கொஞ்சம் நிற்பார், கொஞ்சம் நடப்பார், மிச்ச நேரம் கட்டிலில் கிடப்பார். எழுந்திருக்க ஒரு கை பிடிக்க வேண்டும். அந்த வீட்டில் அடுப்பு எரிவது தங்கையின் தொண்டையால். பேசும்போது நடுவில் லைன் அறுந்தால் கம்பெனியில் எச்சரிக்கை கொடுப்பார்கள். ஏற்கெனவே ஒன்று வாங்கியாயிற்று. இன்னொன்று வந்தால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

கொத்தனாரும் லாரிக்காரரும் பேசிக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் அந்த நடுச்சுவர். அப்பா விட்டுப்போன நீளமான வீட்டை அண்ணன் தங்கை இரண்டு பேருக்குமாகப் பிரித்தபோது கொத்தனார்தான் சுவர் வைத்தார். நாலரை இஞ்சுச் சுவர், பாரம் தாங்குவது இல்லை, தடுப்புதான். வேலை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்காரர் ஓரமாகப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரை மேலும் கீழும் பார்த்தார். “சுவர் எங்க பக்கம் சாயுதே” என்றார்.

ஒரு கொத்தனாரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். குடிகாரன் என்று சொல்லலாம், சோம்பேறி என்று சொல்லலாம். அதை மட்டும் சொல்லக்கூடாது. அதுவும் நாலு பேர் நடுவில்.

அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் தண்ணீர்த் தொட்டி ஒன்று, மோட்டார் ஒன்று, சாக்கடை ஒன்று. பேசாமல் எப்படிக் காலம் தள்ளுவது? தங்கையை நடுவில் வைத்துக்கொண்டார்கள்.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லு, மோட்டார் போடும்போது எங்க பக்கத்துக் குழாயையும் திறந்துவிடச் சொல்லி” என்பார் லாரிக்காரர். அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார்.

“உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, திறந்தாச்சுன்னு” என்பார் கொத்தனார்.

தங்கை ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்ல மாட்டாள். இந்தப் பக்கம் ஒரு தலையாட்டல், அந்தப் பக்கம் ஒரு தலையாட்டல். அவள் காதில் ஹெட்போன் இருக்கிற நேரம் மட்டும் இரண்டு பேரும் சொல்ல வேண்டியதை வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒரு தடவை தொட்டி நிரம்பி வாசலெல்லாம் தண்ணீர் ஓடியபோதுகூடக் காத்திருந்தார்கள்.

அட்டை ஒட்டிய பிறகு ஒரு நாள் தோல்பை வைத்த ஒல்லியான மனிதர் ஒருவர் சலூனுக்கு முடி வெட்ட வந்தார். உட்கார்ந்தவர் அட்டையைப் பார்த்தார். லைன் யாருடையது என்று கேட்டார். சலூன்காரர் கத்தரியை நிறுத்தாமல், “பின்னாடி எங்க கொத்தனார் குடுக்கறார் சார். தங்கமான மனுஷன்” என்றார். அரை முடி வெட்டியிருந்தது. மனிதர் மீதியையும் பொறுமையாக வெட்டிக்கொண்டு, கழுத்தைத் தட்டிக்கொண்டு, நேரே கொத்தனார் வீட்டு வாசலில் வந்து நின்றார். தொலைத்தொடர்பு ஆபீசில் அதிகாரி அவர்.

“நெட் லைன் உங்க பேர்லயா?”

“ஆமா சார், நம்ம பேர்லதான்.”

“சலூனுக்கு நீங்கதான் குடுக்கறீங்களா?”

இந்த இடத்தில் கொத்தனார் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் அவர் ஆயுசு முழுக்க வாங்குகிற பக்கமே நின்றவர். மேஸ்திரியிடம் கூலி வாங்கினார், எஞ்சினியரிடம் திட்டு வாங்கினார், ‘நாளைக்கு வா’ என்ற சொல்லை எல்லாரிடமும் வாங்கினார். நீங்களா கொடுக்கிறீர்கள் என்று பேண்ட் போட்ட ஆள் ஒருவர் வாசலில் நின்று கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சு ஒரு சுற்று பெருத்துவிட்டது.

“நான்தான் சார் குடுக்கறேன். சலூனுக்கு மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக்கும் நான்தான் குடுக்கறேன்.”

உள்ளே வீட்டுக்காரி கரண்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. நிறுத்து என்று அர்த்தம். அவர் காதில் ஏறவில்லை.

“அப்ப நீங்க இணையச் சேவை வழங்குநர்” என்றார் அதிகாரி.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கொத்தனார் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

“லைசென்ஸ் எங்க?”

சிரிப்பு அப்படியே நின்றது. “லைசென்ஸா? நான் ஒரு பைசா வாங்கலியே சார்.”

“வாங்கினாலும் வாங்காட்டியும் ஒண்ணுதான். அடுத்தவங்களுக்கு நெட்டுக்கு வழி விடறவர் யாரோ அவர் வழங்குநர். விதி அப்படித்தான் சொல்லுது.”

வீட்டுக்காரி கதவோரம் வந்துவிட்டாள். “வாசல்ல வந்து தண்ணி கேட்டவங்களுக்கு ஒரு சொம்பு குடுத்தா நாங்க தண்ணி ஆபீசா சார்?”

“அது வேற டிபார்ட்மென்ட்மா” என்றார் அதிகாரி.

கெட்ட மனிதர் இல்லை. காலையிலிருந்து நடந்திருப்பார் போல, ஒரு செருப்பைக் கழற்றி அந்தக் காலை இந்தக் கால் மேல் வைத்துக்கொண்டு நின்றார். புது விதி வந்ததிலிருந்து தெருத்தெருவாக யார் வழங்குநர், யார் இல்லை என்று பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது என்றார். “லைசென்ஸெல்லாம் உங்களால ஆகாது. பெரிய கம்பெனிக்காரனுக்கே நாக்கு தள்ளுது. பேசாம ஒயரைக் கழட்டிடுங்க. அடுத்த வாரம் வந்து பாப்பேன். அப்பவும் இருந்துச்சுன்னா உங்க லைனையே வெட்டச் சொல்லி எழுதணும்.”

“ஒயர் இல்லாம காத்துல வந்தா?” என்று கேட்டார் கொத்தனார்.

“ஒயர்ல போனாலும் காத்துல போனாலும் அடுத்த வீட்டுக்குப் போனா போனதுதான்.”

“பக்கத்து வீடு அடுத்த வீடு இல்லை சார். தங்கச்சி. கூடப் பிறந்தவ.”

“கூடப் பிறந்தவங்களான்னு விதியில கேக்கல. ஒரே வீடான்னுதான் கேக்குது.”

“ஒரே வீடுன்னா எது சார்?”

அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டார். “வெளியே காலை வைக்காம உள்ளுக்குள்ளயே ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் நடந்து போக வழி இருக்கணும். ரெண்டு பக்கத்து ஆளுங்களும் ஒரே வீடுன்னு ஒத்துக்கணும். அப்ப அது வீட்டுக்குள்ள போற ஒயர், நீங்க வழங்குநர் இல்லை. உங்களுக்கு நடுவுல சுவர் நிக்குது.”

அவர் போன பிறகு கொத்தனார் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரிய வள்ளல். ‘நான்தான் குடுக்கறேன்’. வாயைக் குடுத்து வாங்கிக் கட்டியாச்சா?” என்றாள் வீட்டுக்காரி. அவர் ஏணியை எடுத்துக்கொண்டு போய்ச் சலூன் ஒயரை உருவினார். துளையில் கொஞ்சம் சிமெண்ட் வைத்துப் பூசினார். சலூன்காரர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் உங்களைத் தங்கமான மனுஷன்னுதானே சொன்னேன்?” என்றார்.

“அதையாவது சொல்லாம இருந்திருக்கலாம்.”

“இனிமே வர்றவங்க கையில என்னத்தைக் குடுக்கறது? பழைய பேப்பரா? நிமிர்ந்து உக்காந்து என்கிட்ட ஊர்க்கதை பேசுவானுங்க. பின்கழுத்து எப்படி வெட்டறது?”

கொத்தனார் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

தங்கை வேலை முடிந்து ஹெட்போனைக் கழற்றியதும் கொத்தனார் அவள் வாசலில் போய் விஷயத்தைச் சொன்னார். “அப்ப என் வேலை?” என்றாள் அவள்.

“எங்க வீட்டுல வந்து உக்காந்து பேசேன்” என்றாள் அண்ணி.

அது ஆகாது என்று மூன்று பேருக்குமே தெரியும். கொத்தனார் வீட்டின் முன்னறை தெருவை ஒட்டியது, பின்னறை சமையல். வண்டிச் சத்தமோ பாத்திரச் சத்தமோ போனில் கேட்டால் கம்பெனி சும்மா விடாது. தங்கையின் பின்னறை ஒன்றுதான் கிணற்றுக்குள் இருப்பது போல அமைதியாக இருக்கும். அதோடு கட்டிலில் கிடக்கிறவருக்குக் கை கொடுக்க ஆள் வேண்டும்.

கொத்தனார் தொண்டையைச் செருமினார். “உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. நடுச்சுவர்ல ஆள் போற அளவுக்கு ஒரு வழி எடுக்கறேன். எடுத்தா ஒரே வீடு ஆயிடும்.”

லாரிக்காரர் அங்கேதான், திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருந்தார். மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தபடியே பேசினார்.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லு. கட்டும்போதும் என்னைக் கேக்கல. இடிக்கும்போது எதுக்குக் கேக்கறார்?”

“இது சரிங்கிறதா, வேணாங்கிறதா?” என்று கேட்டார் கொத்தனார், தங்கையைப் பார்த்து.

“அவருக்கே புரியும்னு சொல்லு.”

தங்கை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தத் தடவை தலையாட்டவில்லை. “காலையிலேர்ந்து வாஷிங் மெஷின்காரங்க. அதை முடிச்சா நீங்க ரெண்டு பேர். எனக்குன்னு பேசறதுக்கு வாய்ல எச்சில்கூட மிச்சம் இல்லை. அந்த ஆள் வந்து வேலை போச்சுன்னா, அதோட நான் எதையும் எங்கயும் கொண்டு போய்ச் சேக்க மாட்டேன். நீங்களாச்சு, உங்க மோட்டார் ஆச்சு.” உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் கொத்தனார் வேலைக்குப் போய்வந்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. சுவரை ஒட்டித்தான் லாரிக்காரரின் கட்டில் கிடந்தது. கட்டில் அங்கே இருக்கும்வரை இடிக்க முடியாது. ஆள் மேல் செங்கல் விழும்.

அடுத்த வாரம், கட்டட வேலை இல்லாத ஒரு நாள் காலையில் கொத்தனார் டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. இழுபட்டது, நின்றது, மூச்சு வாங்குகிற மாதிரி கொஞ்சம் விட்டு மறுபடி இழுபட்டது.

“கட்டிலை நகத்தறார்” என்றாள் வீட்டுக்காரி. “அந்த இடுப்பை வெச்சுக்கிட்டு.”

கொத்தனார் எழுந்துபோய்க் கைகொடுக்கவில்லை. அது அவருக்கு வராது. டீ டம்ளரை வைத்துவிட்டுச் சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டார்.

தங்கை பின்னறையில் வேலையில் இருந்தாள். அதனால் சம்மட்டி போட முடியாது. சாக்கை மடித்து உளியின் தலையில் வைத்துக்கொண்டு மெதுவாகத் தட்ட வேண்டும், கல் கல்லாகப் பெயர்த்துக் கையில் வாங்கி இறக்க வேண்டும். இடிப்பதைவிட இது பெரிய வேலை. முதலில் வழியின் ஓரத்துக்குக் கோடு போட வேண்டும். பழக்கம் விடுமா? மேலே ஆணி அடித்து, நூலைச் சுவரைவிட்டுத் தள்ளி நிறுத்த மட்டக்கட்டையை வைத்து, நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். சுவர் நேராக இருந்தால் கீழே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும்.

குண்டு சுவரில் சாய்ந்துகொண்டது.

ஆணியை நகர்த்தி அடித்துப் பார்த்தார். மறுபடியும் குண்டு சமர்த்தாகப் போய்ச் சுவரில் ஒண்டிக்கொண்டது. கட்டையின் மேல் சந்தேகப்பட்டுத் திருப்பி வைத்துப் பார்த்தார். கட்டை சரியாகத்தான் இருந்தது. சுவரின் மண்டை ஒரு விரற்கடை அந்தப் பக்கம் போயிருந்தது. அப்பா செத்த சமயம், அழுகையும் பங்குச் சண்டையுமாக இருந்த வீட்டில், யாரும் எதுவும் சொல்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வைத்த சுவர்.

சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. அந்த இடத்திலிருந்தே இடிக்க ஆரம்பித்தார்.

வேலை மும்முரத்தில் நூலைச் சுற்றி வைக்க மறந்துவிட்டார். அதுவும் அந்தத் தொழிலில் உள்ள பழக்கம்தான், வேலை முடிகிறவரை நூல் தொங்கும்.

அடியில் முட்டி உயரத்துக்குச் சுவர் பாக்கி இருக்கும்போது அதிகாரி வந்துவிட்டார். செங்கல் தூசியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்னங்க இது, ஜன்னலா?”

“வழி சார். நீங்க கொஞ்சம் முன்னாடி வந்துட்டீங்க.”

“நடந்து போற மாதிரி இருக்கணும்னு சொன்னேனே.”

“தாண்டிப் பாருங்க சார்.”

அதிகாரி பேண்டை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை அந்தப் பக்கம் போட்டார். இன்னொரு கால் இந்தப் பக்கம் இருந்தது. அந்த நிலையில் நிமிர்ந்தபோது எதிரே லாரிக்காரர் இடுப்புப் பெல்ட்டோடு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சாத்தியிருந்த அறையிலிருந்து தேன் குரல் வந்தது: “உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் சார். கொஞ்சம் லைன்லயே இருங்க.”

“சரி, வழி இருக்கு” என்றார் அதிகாரி. “இப்ப ரெண்டு பேரும் சொல்லுங்க. இது ஒரே வீடா, ரெண்டு வீடா?”

“அவர்கிட்ட கேளுங்க சார்” என்றார் லாரிக்காரர். “சுவர் வெச்சவர் அவர்தான்.”

“அந்தப் பக்கம் அவரோடது. அவரைச் சொல்லச் சொல்லுங்க சார்” என்றார் கொத்தனார்.

“நான் சொல்லத் தயார்தான். முதல்ல அவரைச் சொல்லச் சொல்லுங்க” என்றார் லாரிக்காரர்.

அதிகாரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் கழுத்து வலித்தது போலத் தடவிக்கொண்டார். “என்னய்யா, என்னை நடுவுல நிக்க வெச்சு ஒயர் ஆக்கிட்டீங்க?”

“தப்பா எடுத்துக்காதீங்க சார். வழக்கமா கொண்டு போய்ச் சேக்கறவங்க உள்ள டூட்டியில இருக்காங்க” என்றார் லாரிக்காரர்.

“எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒருத்தர் சொல்லி ஒருத்தர் சொல்லலன்னாலும் ரெண்டு வீடுன்னுதான் எழுதுவேன். ஒயரை உருவ வேண்டியதுதான்.”

உள்ளே தேன் குரல் யாருக்கோ மறுபடி நன்றி சொன்னது.

லாரிக்காரர் ஓட்டை வழியாக இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்க்கிறார் என்று கொத்தனாருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் கை தானாக ஓட்டையின் ஓரத்தில் தொங்கிய நூலை நோக்கிப் போயிற்று. பாதியில் நின்றுவிட்டது. காலம் கடந்துவிட்டது. குண்டு, யாருக்கும் விளக்கம் தேவையில்லாதபடி, சுவரின் மேல் சாய்ந்து கிடந்தது.

“எழுதிக்கங்க சார்” என்றார் லாரிக்காரர். “சாஞ்ச சுவர். எப்படியும் எடுத்துத்தான் ஆகணும். இது ஒரே வீடுதான்.”

அதிகாரி கொத்தனார் பக்கம் திரும்பினார். “நீங்க?”

கொத்தனார் கையிலிருந்த உளியைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

“அவர் சொன்னது சரிதான் சார்.”

“எது சரி மச்சான்?” என்றார் லாரிக்காரர். நேராக, நடுவில் யாரும் இல்லாமல். “ஒரே வீடுங்கிறதா, சுவர் சாஞ்சதுங்கிறதா?”

அதிகாரி சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு காலோடு காத்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டும்தான்” என்றார் கொத்தனார்.

அதிகாரி போனில் எதையோ தட்டினார். வழங்குநர் இல்லை என்று தட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கத்துக் காலையும் இந்தப் பக்கம் எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போகிறபோது பேண்டில் ஒட்டிய சிமெண்டைத் தட்டிவிட்டுக்கொண்டே, சலூன் ஒயரைக் கழற்றியாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றார் கொத்தனார்.

மதிய இடைவேளையில் தங்கை ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். சுவர் இருந்த இடத்தில் அண்ணன் நிற்பதையும், அந்தப் பக்கம் அண்ணி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். “என்ன ஆச்சு?” என்றாள்.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லு,” என்றார் லாரிக்காரர், “அடியில இருக்கிற கல்லையும் எடுக்கச் சொல்லி. இடுப்பை வெச்சுக்கிட்டு நான் தாண்ட முடியாது.”

“உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, சாயங்காலத்துக்குள்ள எடுத்துடறேன்னு” என்றார் கொத்தனார்.

தங்கை ஹெட்போனை மறுபடி காதில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.